கதவு அனுபவ மேம்பாடு

பவளத்தீவு என்ற இணைய விளையாட்டை நடத்தும் நிறுவனம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை தன் ஆட்டக்காரர்கள் அனைவருக்கும் ஒரு நற்செய்தி அனுப்பியது. "உங்கள் கதவு அனுபவத்தை மேம்படுத்தியிருக்கிறோம்!"

தங்களுக்குக் கதவு அனுபவம் என்று ஒன்று இருப்பது அதுவரை யாருக்கும் தெரியாது. தீவில் வீடு கட்டிக்கொள்ளலாம், மீன் பிடிக்கலாம், பூச்செடி வைக்கலாம். கதவைத் தொட்டால் திறக்கும், உள்ளே போகலாம். வீட்டுக்காரர் கதவைச் சாத்திவிட்டால் அவரே திறக்கும்வரை விருந்தாளி வெளியே வர முடியாது. சொல்லிக்கொள்ளாமல் யாரும் கிளம்பிவிடக் கூடாது என்று நிறுவனத்தின் தலைவரே முதல் ஆண்டில் போட்ட விதி அது. கதவைப் பற்றி மக்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மேம்பாட்டுக்குப் பிறகு மூங்கில் தெருவில் ஒன்பது கதவுகள் திறக்கவில்லை. தொட்டவரை இடுப்புவரை விழுங்கிக்கொண்டு நின்றன. தலையும் தோளும் பலகைக்குள், மீதி தெருவில். கால்கள் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். ஆட்டத்தை மூடித் திறந்தாலும் அதே நிலைதான். ஆறு மணி நேரம் கழித்துத் தீவே அவரைப் பிடுங்கிக் கடற்கரையில் போடும்.

அந்த ஒன்பதில் ஒரு வீடு பொத்தானுடையது.

பொத்தான் துணி திருத்தும் கடையில் வேலை செய்கிறாள். ஜிப் மாற்றுவது, இடுப்புப் பிடிப்பது, விட்டுப்போன பொத்தானைத் தைப்பது. கடையில் வைத்த பெயரே தீவிலும் நிலைத்துவிட்டது. அதிகம் பேசமாட்டாள். அவள் வீட்டில் பேச்சு முழுவதும் அம்மாவுடையதாக இருந்தது. அம்மா இருபத்தாறு வருடம் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். போன வருடம் தொண்டையில் அறுவை சிகிச்சை. உயிரைக் காப்பாற்றினார்கள், குரலை எடுத்துக்கொண்டார்கள். இப்போது அம்மாவுக்கு ஒரு சிலேட்டும் சாக்பீஸும்தான்.

அறுவைக்கு முந்தைய மாதம் படுக்கையில் கிடந்த அம்மாவுக்குப் பொழுது போகட்டும் என்று பொத்தான் தீவில் இடம் கொடுத்தாள். தீவில் சங்கு என்று ஒரு பொருள் உண்டு. அதில் பேசி வைத்தால், யார் எடுத்துக் காதில் வைத்தாலும் பேசியது கேட்கும். அம்மா பதினான்கு சங்குகளை நிரப்பினாள். எல்லாம் திட்டு. விளக்கை அணைக்காததற்கு ஒன்று, பூச்செடி காய்ந்ததற்கு ஒன்று, கல்யாணம் வேண்டாம் என்றதற்கு நாலு. குரலைச் சேமித்து வைக்கிறோம் என்று இருவருக்கும் அப்போது தோன்றவில்லை. நிலையத்தில் இருந்த பழைய பதிவுகளின் மேல் இயந்திரக் குரலை ஏற்றிவிட்டார்கள். ஆகவே அம்மாவின் குரல் உலகத்தில் மிச்சமிருந்தது அந்தப் பதினான்கு சங்குகளில்தான். சங்குகள் வீட்டுக்குள் இருந்தன. கதவு திறக்கவில்லை.

பொத்தான் புகார் எழுதினாள். "என் வீட்டுக் கதவு திறக்கவில்லை. உள்ளே அம்மாவின் சங்குகள் உள்ளன. தயவுசெய்து சரிசெய்யவும்."

ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. "உங்கள் குரல் எங்களுக்குக் கேட்கிறது! இந்தப் பயணத்தில் எங்களோடு இணைந்திருங்கள்." கீழே, புகார் முடிக்கப்பட்டது என்று இருந்தது. அதற்கும் கீழே, பதிலில் எவ்வளவு மகிழ்ந்தீர்கள் என்று கேட்டு ஐந்து முகங்கள். ஐந்தும் சிரித்துக்கொண்டிருந்தன. முதல் முகம் சற்றுக் குறைவாகச் சிரித்தது. அவள் அதைத் தொட்டாள்.

அம்மா சிலேட்டை நீட்டினாள். "என்னடி சொல்றான்?"

"கேக்குதாம்."

"கேட்டா கதவைத் திறக்கச் சொல்லு."

பொத்தான் மறுபடி எழுதினாள். இது ஏற்கெனவே வந்த புகார், ஆகவே பழைய புகாரோடு சேர்த்து முடிக்கப்பட்டது என்று பதில் வந்தது. பழைய புகார் என்ன ஆனது என்று கேட்டாள். அது பழையதாகிவிட்டதால் முடிக்கப்பட்டது. மூன்றாவது வாரம் நிறுவனம் 'பச்சை மண்' என்ற திட்டத்தை அறிவித்தது. புதிய ஆட்டக்காரர்களுக்கு இடம் வேண்டியிருப்பதால், மேம்பாடு வந்த நாளிலிருந்து நூறு நாள் திறக்கப்படாத வீடுகள் உள்ளிருக்கும் பொருள்களோடு மண்ணாக்கப்படும். எல்லாக் கதவின் மேலும் ஒரு எண் தோன்றியது. அவளுடையதில் எழுபத்தொன்பது.

"நான் திறக்காமல் இல்லை, அது திறக்கவில்லை" என்று பொத்தான் எழுதினாள்.

"பச்சை மண் திட்டத்தில் நீங்கள் காட்டும் ஆர்வத்துக்கு நன்றி!" என்று பதில் வந்தது.

அம்மா படித்துவிட்டு எழுதத் தொடங்கினாள். சிலேட்டு போதாமல் மூன்று தடவை அழித்து எழுதினாள். "நான் வண்டி வராதுன்னா வராதுன்னுதான் சொல்வேன். டயர் வெடிச்சா வெடிச்சதுன்னு சொல்வேன். உங்கள் பயண அனுபவத்தை மேம்படுத்துகிறோம்னு ஒரு நாள் மைக்ல சொல்லியிருந்தா, கூண்டோட என்னைத் தூக்கிப் போட்டு மிதிச்சிருப்பாங்க. அதுவும் நியாயம்தான்."

மூங்கில் தெருவின் மற்ற எட்டு வீட்டுக்காரர்களும் ஒவ்வொருவராக வேறு விளையாட்டுக்குப் போய்விட்டார்கள். பொத்தான் போகவில்லை. தினம் கடைக்குக் கிளம்புமுன் ஒரு புகார் எழுதினாள். எண் முப்பத்தெட்டு என்று காட்டிய நாளில் நாற்பத்தோராவது புகாரை அனுப்பினாள்.

அதற்கு ஒரு கடிதம் வந்தது. நாற்பத்தொரு முறை நிறுவனத்தோடு உரையாடிய அவளே தீவின் மீது மிக அதிகப் பாசம் கொண்ட ஆட்டக்காரர் என்று கணக்கெடுப்பில் தெரிய வந்திருக்கிறது. அவளை மூங்கில் தெருவின் தூதராக நியமித்திருக்கிறார்கள். பயிற்சிக்கு நேரில் வர வேண்டும்.

"போய் நேர்ல கேளு" என்று அம்மா எழுதினாள். "எழுதினாதானே படிக்கமாட்டான். மூஞ்சியைப் பாத்துச் சொல்லு."

நிறுவனம் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஆறாவது மாடியில் இருந்தது. நுழைந்ததும் ஆள் உயரத்துக்கு ஒரு காது, வெள்ளைப் பளிங்கில். 'நாங்கள் கேட்கிறோம்' என்று அடியில் பொறித்திருந்தது. மழைநாள் என்பதால் காது மடலில் ஏழெட்டுக் குடைகள் தொங்கின. காதின் துளைக்குள் யாரோ காப்பிக் கோப்பை வைத்திருந்தார்கள்.

நல்லுறவு அதிகாரி கைகூப்பி வந்தார். தேன் தடவிய குரல். ஆட்டக்காரர்களோடு பேசுவதற்காகவே சம்பளம் வாங்குகிறவர். ஆட்டக்காரர் ஒருவரை நேரில் பார்ப்பது அவருக்கு அன்றுதான் முதல் முறை.

"மேடம், நாப்பத்தொரு தடவை! எங்க வீட்டுக்காரிகூட எனக்கு அவ்வளவு எழுதினதில்ல!"

"சார், அது எல்லாம் ஒரே விஷயம்தான். என் வீட்டுக் கதவு..."

"கேக்குது மேடம்," என்றார் அதிகாரி, கண்களை மூடி. "நல்லாக் கேக்குது." திறந்தபோது வேறு ஒருவரை வரவேற்றுக்கொண்டிருந்தார்.

பயிற்சியில் பத்துத் தூதர்கள். ஆளுக்கொரு பச்சைத் தொப்பியும் ஒரு சிறு புத்தகமும் கொடுத்தார்கள். பதில் எழுதிக்கொண்டிருந்த ஊழியர்களைப் போன மாதம் வீட்டுக்கு அனுப்பிவிட்டதால், இனிமேல் புகார்களுக்குத் தூதர்களே பதில் சொல்ல வேண்டும். அந்தந்தத் தெருப் புகார் அந்தந்தத் தெருத் தூதருக்கு வரும். புத்தகத்தில் உள்ள பன்னிரண்டு வாக்கியங்களை மட்டுமே பயன்படுத்தலாம். 'இல்லை', 'முடியாது', 'தவறு' ஆகிய சொற்கள் அவற்றில் கிடையாது. கடைசிப் பக்கத்தில் சில விதிகளும் இருந்தன.

"தூதர் ஒரு புகாரை முடிக்கலாம், இல்லைன்னா கட்டுமானப் பிரிவுக்கு அனுப்பலாம்," என்று அதிகாரி விளக்கினார். "ஆனா தன்னோட சொந்தப் புகாரை அனுப்பக் கூடாது. அப்புறம், மகிழ்ச்சி மதிப்பெண் அஞ்சுக்கு அஞ்சு இருக்கறவங்க புகாரை மட்டும்தான் அனுப்பணும்."

"ஏன் சார்?"

"வருத்தத்துல இருக்கறவங்க சொல்றதுல உணர்ச்சி கலந்திருக்கும் மேடம். கட்டுமானப் பிரிவுக்கு அது ஒத்துக்காது."

பொத்தான் யோசித்தாள். "புகார் எழுதினா மதிப்பெண் குறையுமா?"

"ஒண்ணே ஒண்ணு குறையும்."

"அப்ப அஞ்சுக்கு அஞ்சு இருக்கறவர் புகாரே எழுதியிருக்க மாட்டாரே?"

"அதனாலதான் மேடம் எங்க கட்டுமானப் பிரிவு இவ்வளவு நிம்மதியா இருக்கு!"

பிறகு எல்லோரையும் ஓர் அரங்குக்கு அழைத்துப் போனார்கள். நிறுவனத்தின் தலைவர் பேச வந்தார். தலைவர் என்று சொல்வது அவருக்குப் பிடிக்காது. அவருடைய பதவியின் பெயர் தலைமைக் கனவாளர்.

"கேட்பது வேறு, செய்வது வேறு," என்று அவர் ஆரம்பித்தார். "கேட்பது அன்பு. செய்வது பலவீனம். போன ஆண்டு மூன்று லட்சம் புகார்களைக் கேட்டோம். ஒன்றையாவது படித்து அதன் தூய்மையைக் கெடுத்தோமா? இல்லை! ஒவ்வொரு புகாரையும் ஒரு வண்ணமாக மாற்றினோம். என் அறைச் சுவரில் அந்த வண்ணங்கள் ஓடுகின்றன. தினமும் பார்க்கிறேன். மனதுக்கு இதமாக இருக்கிறது." கைதட்டல். "இங்கே மேலோர் கீழோர் கிடையாது. நாளை எனக்கே ஒரு குறை வந்தாலும், நான் உங்களைப் போல வரிசையில்தான் வருவேன். வேறு எல்லா வழிகளையும் நானே அடைக்கச் சொல்லிவிட்டேன்!" மேலும் கைதட்டல்.

பொத்தான் பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகக் கேட்டாள். "இவருக்கு மகிழ்ச்சி மதிப்பெண் எவ்வளவுங்க?"

"அஞ்சு. அது ஆணியடிச்ச மாதிரி. என்ன பண்ணாலும் குறையாது."

வெளியே வரும்போது தண்ணீர்க் குழாயருகே கம்பளிச் சட்டை போட்ட ஒரு பெண் நின்றிருந்தாள். நடுவயது. சட்டையின் இரண்டாவது பொத்தான் ஒற்றை நூலில் ஊசலாடியது. பொத்தானால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. கைப்பையிலிருந்து ஊசியை எடுத்தாள்.

"அசையாதீங்கக்கா. ரெண்டு நிமிஷம்."

தைத்துக்கொண்டே கதவைப் பற்றிச் சொன்னாள்.

"ஐயோ, சொல்லாதம்மா!" என்றாள் அந்தப் பெண். "நான் கட்டுமானப் பிரிவு. ஆட்டக்காரங்க பேச்சை நான் நேரா கேக்கக் கூடாது. எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்காங்க."

"நீங்க கேக்காதீங்க. நான் பொத்தானுக்குச் சொல்றேன்."

அந்தப் பெண் சுற்றும் பார்த்தாள். ஊசி நெஞ்சுக்கு நேராக இருந்ததால் நகரவும் முடியவில்லை. கேட்டு முடித்ததும் மெதுவாகச் சொன்னாள்: "கீல் எந்தப் பக்கம்னு மாத்தி எழுதிட்டேன் போலருக்கு. ரெண்டு வரி. ரெண்டே வரிதான்."

"மாத்திடுங்களேன் அக்கா."

"கட்டி முடிச்சதைத் திருத்தணும்னா, மேலேர்ந்து புகார் வந்தாதான் என் கம்ப்யூட்டர் திறக்கவே விடும். எட்டு மாசமா ஒண்ணுகூட வரல. அவ்வளவு நல்லாக் கட்டறோமாம், போன வாரம் கேக் வெட்டினாங்க." அவள் தைத்த பொத்தானைத் தடவிப் பார்த்தாள். "நானும் ரெண்டு துண்டு தின்னேன்."

வீடு திரும்பியதும் பொத்தான் நடந்ததையெல்லாம் அம்மாவிடம் சொன்னாள். அம்மா சிலேட்டைத் துடைத்துச் சுத்தமாக்கினாள். பிறகு எழுதினாள். "அந்த ஆணியடிச்ச ஆளு நம்ம வீட்டுக்கு வருவானா?"

மகள் அம்மாவைப் பார்த்தாள். இருவரும் ஒன்றாகச் சிரித்தார்கள். ஒருத்திக்குச் சத்தம் வந்தது, ஒருத்திக்கு வரவில்லை.

அடுத்த ஐந்து வாரம் பொத்தான் மிகச் சிறந்த தூதராக விளங்கினாள். பன்னிரண்டு வாக்கியங்களையும் மனப்பாடம் செய்தாள். நிறுவனம் அனுப்பிய எல்லாவற்றுக்கும் ஐந்தாவது முகத்தைத் தொட்டாள். செவிசாய்ப்புத் திருவிழா வந்தது. தலைமைக் கனவாளர் தீவுக்குள் தாமே நடந்து சென்று, ஓர் எளிய ஆட்டக்காரரின் வீட்டுக்கு விருந்தாளியாகப் போவார் என்றும், உலகமே அதை நேரலையில் பார்க்கும் என்றும் அறிவித்தார்கள். யார் வீடு என்று தூதர்களைக் கேட்டார்கள்.

"என் வீட்டுக்கு வரட்டுமே சார்," என்றாள் பொத்தான்.

"வீடு நல்லா இருக்குமா மேடம்? கேமராவுல எடுபடுமா?"

"அதைப் பத்திதான் நாப்பத்தொரு தடவை எழுதியிருக்கேனே சார்."

"ஆமாமா! அந்தப் பாசம் ஒண்ணு போதும்!" என்று அதிகாரி பெயரை எழுதிக்கொண்டார். நாற்பத்தொன்றில் ஒன்றைத் திறந்து பார்த்திருந்தால் போதும். அதற்கு ஒரு நிமிடம் ஆகியிருக்கும்.

திருவிழா அன்று கதவின் மேல் எண் ஒன்று. மாலை ஆறு மணிக்கு வீடு மண்ணாகும்.

அரங்கம் நிரம்பி வழிந்தது. பின்வரிசையில் பொத்தான் பச்சைத் தொப்பியோடு உட்கார்ந்திருந்தாள். மடியில் தூதர்களுக்குக் கொடுத்த கையகலத் திரை. பக்கத்தில் அம்மா, இஸ்திரி போட்ட புடவையில், சிலேட்டோடு. பணியில் இருந்த காலத்துக்குப் பிறகு அம்மா அவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்ததில்லை.

மேடையில் தலைமைக் கனவாளர் கருவியைக் கையிலெடுத்தார். பெரிய திரையில் அவருடைய பொன்னுருவம் தோன்றியது. பொன் அங்கி, பொன் கிரீடம், தீவில் வேறு யாருக்கும் கிடையாது. நாற்பதாயிரம் ஆட்டக்காரர்கள் மூங்கில் தெருவின் இருபுறமும் குவிந்திருந்தார்கள்.

"இதோ, ஒரு சாதாரண வீட்டின் கதவை நானே தட்டுகிறேன்," என்றார். "நமக்கிடையே கதவே இல்லை என்பதைக் காட்ட."

தொட்டார்.

கதவு அவரை இடுப்புவரை விழுங்கியது. கிரீடம், முகம், தோள் எல்லாம் பலகைக்குள் போய்விட்டன. பெரிய திரையில் மிச்சமிருந்தது பொன் அங்கி மூடிய பின்பக்கமும், எங்கும் போகாமல் ஓடிக்கொண்டிருந்த இரண்டு பொற்கால்களும்தான். படமெடுப்பவர் அதை இன்னும் அருகில் காட்டினார். அவருக்கு அப்படித்தான் உத்தரவு.

தீவில் முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு நாற்பதாயிரம் பேர்.

"யாராவது எடுங்கய்யா!" என்று தலைமைக் கனவாளர் ஒலிபெருக்கி அணைக்கப்படாததை மறந்து கத்தினார்.

ஊழியர்கள் ஓடினார்கள். எல்லா வழிகளும் அவரே அடைக்கச் சொன்னவை. உதவியாளர் ஒருவர் அவர் பெயரில் புகார் எழுதினார். பொத்தானின் மடியில் திரை ஒளிர்ந்தது. "தலைமைக் கனவாளரின் கதவு அனுபவம் எதிர்பார்ப்புக்குச் சற்றுக் குறைவாக அமைந்துள்ளது."

பொத்தான் தொட்டாள்: "உங்கள் ஆர்வத்துக்கு நன்றி!" புகார் முடிக்கப்பட்டது.

இரண்டாவது புகார் வந்தது. "இந்தப் பயணத்தில் எங்களோடு இணைந்திருங்கள்." மூன்றாவது வந்தது. "பயன்பாட்டை மூடித் திறந்து பாருங்கள்." மேடையில் அவர் மூடித் திறந்தார். பின்பக்கம் அதே இடத்தில் இருந்தது. நான்காவதற்கு, இது ஏற்கெனவே வந்த புகார் என்று பதில் போனது. எந்தப் புகாரோடு சேர்க்கப்பட்டது என்றும் காட்டியது: நூறு நாளுக்கு முன் பொத்தான் எழுதிய முதல் புகார். அவருக்கு வரும் பதில்கள் பெரிய திரையிலும் ஓடியதால் எல்லோரும் அதைப் படித்தார்கள். என் வீட்டுக் கதவு திறக்கவில்லை. உள்ளே அம்மாவின் சங்குகள் உள்ளன.

சிரிப்பு அடங்கியது. நல்லுறவு அதிகாரி பின்வரிசைக்கு ஓடி வந்தார். தேன் வற்றிப்போயிருந்தது.

"மேடம், மேல அனுப்புங்க மேடம்! அவரு மதிப்பெண் அஞ்சுக்கு அஞ்சு!"

"கேக்குது சார்," என்றாள் பொத்தான், கண்களை மூடி. "நல்லாக் கேக்குது."

"என் வேலை போயிடும்மா!"

"புத்தகத்துல நாலாவது விதி சார். பிரச்சினையைத் தெளிவாச் சொல்லாத புகாரை மேல அனுப்பக் கூடாது. அனுபவம், எதிர்பார்ப்புன்னு எழுதினா எனக்குப் புரியல. அவரே அவர் வாயால சொல்லட்டும்."

"என்ன சொல்லணும்?"

அம்மா ஏற்கெனவே எழுதி முடித்திருந்தாள். சிலேட்டை அவர் கையில் திணித்தாள். அதிகாரி அதைப் படித்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா, தாமதமான வண்டியின் நடத்துநரைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்தாள்.

தலைமைக் கனவாளர் சிலேட்டை இரண்டு முறை தூர எறியப் போனார். இரண்டு முறையும் பெரிய திரையில் ஓடிக்கொண்டிருந்த கால்கள் கண்ணில் பட்டன. மணி ஐந்தரை. அவர் படித்தார்.

"பயணிகளின் கவனத்திற்கு. மூங்கில் தெருவில் ஒன்பது கதவுகள் திறக்காது. கெடுத்தவர்கள் நாங்கள். நூறு நாளாகச் சொன்னார்கள், நாங்கள் படிக்கவில்லை. இதற்குக் காரணம் மழை அல்ல, கூட்டம் அல்ல. எங்கள் சோம்பேறித்தனமும் திமிரும்தான்."

"இன்னொரு தடவை," என்றாள் பொத்தான். "அறிவிப்புன்னா ரெண்டு தடவை சொல்லணும்."

இரண்டாவது தடவை சொன்னார். பொத்தான் புகாரை மேலே அனுப்பினாள்.

ஒன்பது மாதங்களில் முதல் புகார் கட்டுமானப் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தது. கம்பளிச் சட்டைப் பெண் அரங்கத்தின் ஓரத்தில் கம்ப்யூட்டரோடு தயாராக உட்கார்ந்திருந்தாள். இரண்டு வரி. மூங்கில் தெருவின் ஒன்பது கதவுகளும் ஒரே நேரத்தில் திறந்தன. பொன்னுருவம் வீட்டுக்குள் குப்புற விழுந்து, வாசலோரமிருந்த சங்கு ஒன்றின் மேல் காதை வைத்தது.

அம்மாவின் குரல் அரங்கம் முழுவதும் ஒலித்தது. இருபத்தாறு வருடம் எட்டு நடைமேடைகளுக்கும் கேட்ட குரல்.

"உள்ள வந்தா கதவைச் சாத்தணும்னு எத்தனை தடவைடி சொல்றது!"

அம்மா தன் தொண்டையில் கை வைத்துக்கொண்டு, வாயைச் சற்றுத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

பொத்தான் தன் உருவத்தை உள்ளே அனுப்பினாள். விழுந்து கிடந்தவரைத் தாண்டிப்போய்ப் பதினான்கு சங்குகளையும் ஒவ்வொன்றாகக் கூடையில் போட்டாள். பூச்செடியையும் எடுத்துக்கொண்டாள். வெளியே வந்தாள். அம்மா சொன்னபடி கதவைச் சாத்தினாள்.

கதவு மிக நன்றாகச் சாத்தியது. மேலே எண் நூறு என்று மாறியது.

சற்று நேரத்தில் மடியில் திரை ஒளிர்ந்தது. "கதவு திறக்கவில்லை. நான் உள்ளே இருக்கிறேன்." இம்முறை தெளிவாகத்தான் எழுதியிருந்தார். பொத்தான் கட்டுமானப் பிரிவுப் பக்கம் எட்டிப் பார்த்தாள். கம்பளிச் சட்டைப் பெண் தோளைக் குலுக்கினாள். "கதவுல ஒரு கோளாறும் இல்லையேம்மா. வீட்டுக்காரங்க சாத்தினா அப்படித்தான். அவரே போட்ட விதி."

"உங்கள் குரல் எங்களுக்குக் கேட்கிறது" என்ற வாக்கியத்தைப் பொத்தான் தொட்டாள். பதிலில் எவ்வளவு மகிழ்ந்தீர்கள் என்று கேட்டு ஐந்து முகங்கள் அவருக்குப் போயின.

பிறகு தொப்பியைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு, அம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தாள். பளிங்குக் காதில் அன்று குடை எதுவும் தொங்கவில்லை. பேருந்து நிறுத்தத்தில் அம்மா போனைப் பிடுங்கி இரண்டாவது சங்கைக் காதில் வைத்துக்கொண்டாள். அது விளக்கை அணைக்காததற்கான திட்டு. முழுவதும் கேட்டுவிட்டு, மகளை ஒரு முறை முறைத்தாள்.

சிலேட்டு அரங்கத்திலேயே தங்கிவிட்டது. அன்று இனி அதற்கு வேலை இருக்கவில்லை.